பச்சை பீரோவும் சுதந்திர அலுவலரும்

கும்மிடிப்பூண்டியில் அடிமைகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, எங்கோ பனி கொட்டுகிற ஒரு தேசத்திலிருந்து கடிதம் வந்தது. முதலில் அது வந்தது, அந்தத் தேசத்துக்குச் சரக்கு அனுப்புகிற, சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்கு. தொழிற்சாலை அதைப் படித்துப் பார்த்து, இதெல்லாம் நமக்குக் கீழே இருப்பவர்களின் சமாச்சாரம் என்று கண்டுபிடித்து, தனக்குக் கக்கூஸ் கழுவ ஆள் அனுப்பும் 'சடையப்பன் க்ளீன் சர்வீசஸ்' நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டது. சடையப்பனுக்குக் கீழே நிறுவனம் ஏதும் இல்லை. ஆட்கள்தான் இருந்தார்கள், அறுபத்து மூன்று பேர்.

சடையப்பன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மெர்சியைக் கூப்பிட்டார். மெர்சி அங்கே சூப்பர்வைசர். மற்றவர்கள் கழுவுவதை மேற்பார்வை பார்ப்பதும், ஆள் வராத இடத்தைத் தானே கழுவுவதும் சூப்பர்வைசர் வேலை. பிளஸ் டூ பாஸ் செய்தவள் என்பதால் அந்தப் பதவி.

"மெர்சி, நம்மகிட்ட அடிமைங்க யாருனா கீறாங்களா?"

மெர்சி யோசித்தாள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த நாலு பேரோடு அவளுக்கு இன்னும் சரியாகப் பழக்கமில்லை.

"தெர்லயே சார். லிஸ்ட பாத்து சொல்றேன்."

சடையப்பன் அறையில் ஒரு பச்சை பீரோ இருந்தது. வேலைக்குச் சேர்கிறவர் யாராக இருந்தாலும் ஒரிஜினலைக் கொண்டுவந்து அதில் போட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைக் கையில் எடுக்க முடியும். மார்க் ஷீட் இருந்தால் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இருந்தால் சாதிச் சான்றிதழ், ஒன்றும் இல்லாதவர்களுக்கு ரேஷன் கார்டு. "உங்க ஊடெல்லாம் மழைக்கி ஒழுவுற ஊடு. இங்க கெடந்தா ஒரு பொட்டு தண்ணி படாது" என்பார். உண்மைதான், படவில்லை. வேலையை விட்டுப் போகிறேன், ஒரிஜினலைக் கொடுங்கள் என்று வருகிறவர்களிடம் சாவி வீட்டில் இருக்கிறது என்பார். அடுத்த வாரம் வந்தால், வீடு ஆரணியில் இருக்கிறது என்பார். மூன்றாவது வாரம் அவர்களே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பீரோவின் கதவு கொஞ்சம் வளைந்துபோனது. யாராவது முட்டியை வைத்து அழுத்தினால்தான் பூட்டு விழும். சடையப்பனுக்கு மூட்டு வலி. அதனால் ஆறு வருஷமாக, "மெர்சி, முட்டி குடும்மா" என்று கூப்பிடுவார். அவள் வந்து வலது முட்டியைக் கொடுப்பாள், அவர் சாவியைத் திருப்புவார். அறுபத்து மூன்று பேருடைய காகிதங்களும் அவள் முட்டியால் பூட்டப்பட்டவைதான். அவள் ஒருநாளும் இதை இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. முட்டி வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

கடிதம் வந்த அதே வாரம் மெர்சிக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. அவள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் அங்கன்வாடியில் பணியாளர் வேலை. இருபதாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் திருவள்ளூருக்கு ஒரிஜினல் சான்றிதழ்களோடு வந்து சரிபார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்குப் பிறகு அந்த வேலை இந்த ஜென்மத்தில் கிடையாது. மெர்சி ஒருநாள் அந்த அங்கன்வாடியை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். டீச்சருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. பிள்ளைகள் கூட்டமாகச் சுண்டல் தின்றன. எங்கும் ஆசிட் நாற்றம் இல்லை. அவளுக்கு அந்த நாற்காலி மேல் அப்படி ஒரு ஆசை வந்தது, வெட்கமாகக்கூட இருந்தது.

"சார், என் மார்க் ஷீட்டும் சாதி சர்டிபிகேட்டும் ஒரு நாளிக்கி வோணும்."

"தாராளமா வாங்கிக்க. இது இன்னா என் சொத்தா? ஆனா இந்த அடிமை மேட்டரு ஒண்ணு கழுத்த புடிச்சிக்கினு கீது. அது முடியட்டும். இருபதாந்தேதி ஆடிட்டு."

"எனக்கும் இருபதுதான் சார்."

"பாத்தியா, உனக்கும் எனக்கும் ஒரே நாளு" என்று சடையப்பன் சந்தோஷப்பட்டார்.

விஷயத்தைச் சரியாகச் செய்து கொடுக்க சென்னையிலிருந்து அன்புசெல்வன் என்று ஒருவரை வரவழைத்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'நவீன அடிமைத்தனத் தடுப்பு ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. போன வருஷம் வரை தீயணைப்பு சிலிண்டர் ஆலோசகராக இருந்தவர், அடிமைத்தனத்தில் நல்ல எதிர்காலம் இருப்பதைப் பார்த்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"உங்க ஆட்களை எங்கிருந்து எடுக்குறீங்க சார்? சப்ளை செயின் எங்க ஆரம்பிக்குதுன்னு பார்க்கணும்."

"எடுக்கிறது இன்னா எடுக்கிறது. எங்க நைனா காலத்துலருந்தே எங்கள்துதான். தோ டீ எடுத்துக்கினு வந்து நிக்கிறாளே, இவ அப்பன் எங்க நெலத்துல படியாளு. தாத்தனும் அங்கதான். அப்ப சேத்துல நின்னாங்க, இப்ப டைல்ஸ்ல நிக்கிறாங்க. டெவலப்மென்ட்டு."

அன்புசெல்வன் எழுதிக்கொண்டார்: 'மூன்று தலைமுறையாகத் தொடரும் நம்பகமான உறவு.'

மெர்சி டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். படியாள் என்றால் வருஷம் முழுக்க ஒரே வீட்டுக்கு உழைக்கிறவன். பொங்கலுக்கு மறுநாள் பெரிய சடையப்பன் அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "இன்னாடா, இருக்கிறியா போறியா?" என்று கேட்பார். அப்பா வருஷாவருஷம், "இருக்கிறேன் ஆண்டே" என்பார். இருபத்தாறு பொங்கலுக்கு அப்படிச் சொன்னார். இருபத்தேழாவது பொங்கலுக்குச் சொல்ல அவர் இல்லை.

பயிற்சி வகுப்பு கேன்டீனில் ஷிப்ட் முடிந்த பிறகு நடந்தது. எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்பதால் கேட்டைப் பூட்டச் சொல்லியிருந்தார்கள். பூட்டியவர் வாட்ச்மேன் ஆசீர்வாதம், மெர்சிக்குச் சித்தப்பா முறை.

"உங்க எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி" என்று அன்புசெல்வன் ஆரம்பித்தார். "நீங்க யாரும் அடிமை இல்ல! இதை நாம இருபதாம் தேதிக்குள்ள நிரூபிச்சுக் காட்டணும்."

முத்தம்மா எழுந்தாள். ஐம்பத்தெட்டு வயது, தொழிற்சாலையின் ஆண்கள் கழிப்பறை முழுக்க அவள் பொறுப்பு. "நிரூபிக்கலன்னா இன்னா ஆவும் சார்?"

"காண்ட்ராக்ட் போயிடும்மா. எல்லாருக்கும் வேலை போயிடும்."

"அப்ப அடிமை இல்லன்னே சொல்லிடலாம் சார்."

"வெரி குட். யாரும் வற்புறுத்தாம தானா வந்த பதில்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து உடல் ரீதியான கட்டுப்பாடு இருக்கிறதா என்ற பரிசோதனை. அறுபத்து மூன்று பேரையும் வரிசையில் நிற்கவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, நூற்று இருபத்தாறு கணுக்கால்களையும் செல்போனில் படம் எடுத்தார். முத்தம்மா காலில் துணிக்கட்டு இருந்தது. ஆசிட் தெறித்து வெந்த புண்.

"அது சங்கிலி இல்ல சார், கட்டு" என்றாள் மெர்சி.

"தெரியுதும்மா. ஆனா போட்டோவுல பார்க்கிறவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது."

கட்டை அவிழ்த்துப் படம் எடுத்தார்கள். புண் நன்றாகத் தெளிவாக விழுந்தது. சங்கிலி இல்லை. அன்புசெல்வனுக்குத் திருப்தி.

பிறகு ஆளுக்கு ஒரு படிவம் வந்தது. அறுபத்து நாலு கேள்விகள். நேரம் மிச்சமாகட்டும் என்று பதில்களை அவரே சென்னையிலிருந்து டிக் அடித்துக் கொண்டுவந்திருந்தார். பதினேழாவது கேள்வியை அவர் தமிழில் உரக்கப் படித்தார்: "நினைத்த நேரத்தில் பணியிடத்தை விட்டு வெளியேறும் சுதந்திரம் உங்களுக்கு உண்டா? ஆம்."

"அப்ப நான் கெளம்பட்டா சார்?" என்றாள் முத்தம்மா. "ஆறே முக்கா ட்ரெயின வுட்டா மீஞ்சூர் போய் சேர்றதுக்குள்ள பேஜாரா பூடும்."

"எல்லாரும் கையெழுத்து போட்டதும் கேட்டைத் திறப்பாங்கம்மா. ஒருத்தர் குறைஞ்சாலும் நூறு சதவீத சுதந்திரம் வராது."

கையெழுத்துக்கு முன்னால் ஒரு நியமனமும் நடந்தது. விதிப்படி நிறுவனத்தில் ஒரு சுதந்திர அலுவலர் இருக்க வேண்டுமாம். பெண்ணாக இருந்தால் நல்லது, கீழ்மட்டத்திலிருந்து வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதைப் பார்த்து அன்புசெல்வனுக்குக் கண் கலங்கியது. மெர்சியைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இரண்டு நாளில் அது ஆளுயர பேனராகக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. 'உங்கள் சுதந்திரம் என் பொறுப்பு' என்று கைகூப்பி நின்றாள் மெர்சி. கீழே இருபத்து நாலு மணி நேர உதவி எண் என்று அவளுடைய செல்போன் நம்பர். ஷிப்டில் இருக்கும்போது எல்லார் செல்போனும் கேட்டில் ஒரு பெட்டியில் போடப்பட வேண்டும் என்பது பழைய விதி. அதனால் உதவி எண் அந்தப் பெட்டிக்குள் கிடந்து அடித்தது. யார் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடித்தால் ஆசீர்வாதம் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடுவார்.

புகார்ப் பெட்டி ஒன்றும் வைத்தார்கள். திருட்டுப் போகக் கூடாதென்று அதைச் சடையப்பன் அறையில், அவர் நாற்காலிக்கு நேரெதிரே, கேமராவுக்குக் கீழே வைத்தார்கள்.

சுதந்திர அலுவலரின் முதல் வேலை, அறுபத்து மூன்று படிவங்களும் உண்மை என்று சான்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது. மெர்சி போட உட்கார்ந்தாள். படித்தவள் என்பது அங்கேதான் வினையாயிற்று. அவள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட நினைத்தாள்.

"சார், இருவத்திமூணாவது தப்பா கீது. 'ஊழியர்களின் அசல் ஆவணங்களை நிறுவனம் வைத்திருக்கிறதா?' இல்லன்னு டிக் ஆயிருக்குது."

அன்புசெல்வன் பொறுமையாக விளக்கினார். "வைத்திருக்கிறது வேற, பாதுகாக்கிறது வேற. திருடி வச்சிருந்தா அது வைத்திருக்கிறது. சார் உங்க மேல உள்ள பாசத்துல பூட்டி வைக்கிறார். பாசத்தைப் பத்தி படிவத்துல கேள்வியே இல்லையே."

சடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "போடும்மா. நீ போட்டாதான் ஆடிட்டு சீக்கிரம் முடியும். முடிஞ்சா உன் மார்க் ஷீட்டு."

மெர்சி போட்டாள். அறுபத்து மூன்று முறை. அறுபத்து மூன்றாவது படிவம் அவளுடையது.

மறுநாள் காலை அவள் கேட்டுப் பார்த்தாள். "கையெழுத்து போட்டுட்டேன் சார். ஒரிஜினல குடுத்தீங்கன்னா..."

"இன்னா ஒரிஜினலு?"

"பீரோவுல கீற என்..."

சடையப்பன் கட்டிலிருந்து அவளுடைய படிவத்தை எடுத்து இருபத்து மூன்றாம் கேள்வியில் விரலை வைத்தார். "இல்லன்னு நீதான கையெழுத்து போட்டுக்கிற? நான் போட்டனா? இல்லாதத எப்டிம்மா எடுத்து குடுக்கிறது? குடுத்தா அது இருந்துச்சின்னு ஆயிடும். அப்பால நீ வெளிநாட்டுக்காரனுக்கு பொய் எழுதி குடுத்தவ. கேஸு உம்மேலதான் வரும். உன்ன நான் அப்டி வுட்ருவனா?" அவர் குரலில் நிஜமாகவே அக்கறை இருந்தது. "ஆடிட்டு முடியட்டும். முடிஞ்ச அடுத்த நிமிசம் அது இருக்குதுன்னு வச்சிக்கலாம்."

மெர்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் போய், பஸ் மாறித் திருவள்ளூர். மூன்று மணி நேரம் ஆகும். பகல் இரண்டு மணிக்குள் மார்க் ஷீட் கைக்கு வந்தால் போதும். ஆடிட் பன்னிரண்டரைக்கு முடியும் என்று அன்புசெல்வன் சொல்லியிருந்தார்.

இருபதாம் தேதி காலை ஒரு புதுப் பிரச்சினை முளைத்தது. பீரோ கண்ணுக்குத் தெரிந்தது. ஆடிட்டர் திறக்கச் சொன்னால்? ஆரணிக்கு அனுப்பிவிடலாம் என்றார் சடையப்பன். அன்புசெல்வன் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"எந்தக் கட்டடத்துல வச்சாலும் அது 'வைத்திருப்பது' ஆயிடும் சார். ரோட்டுல ஓடிக்கிட்டே இருந்தா யார்கிட்டயும் இல்லாத பொருள். அதுக்குப் பேரு போக்குவரத்து."

மெர்சி, முத்தம்மா, இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்து பீரோவைத் தூக்கி வெளியே நின்ற குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். தன்னுடைய பிளஸ் டூ மார்க் ஷீட் இவ்வளவு கனம் என்று மெர்சிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். டிரைவர் பீட்டருக்கு உத்தரவு: கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், திரும்பி இதே வழி. நிற்காமல் ஓட்டு. யார் கை காட்டினாலும் நிறுத்தாதே. பீட்டர் சொன்னதைச் செய்கிறவன், கூடவும் செய்யமாட்டான், குறையவும் செய்யமாட்டான். அவனுடைய டிரைவிங் லைசென்ஸும் அந்தப் பீரோவில்தான் இருந்தது. அதனால் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் அன்றுதான் அவன் முதன்முறையாக லைசென்ஸோடு வண்டி ஓட்டினான். விதிப்படி செல்போனைக் கேட்டில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டுப் புறப்பட்டான். இதை அந்த நேரத்தில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பீரோ இருந்த இடத்தில் தரையில் நாலு துருக்கறை தெரிந்தது. அதன்மேல் ஒரு மணி பிளான்ட் தொட்டியை வைத்தார்கள். மூன்று கறைகள் வெளியே தெரிந்தன. இருக்கட்டும் என்றார் அன்புசெல்வன்.

கடிதம் எழுதியவர்கள் அனுப்பிய ஆடிட்டர் பூமிகா பதினோரு மணிக்கு வந்தாள். சின்ன வயது, கையில் டேப்லெட், முகத்தில் நிஜமான கருணை. வந்ததும் முதல் காரியமாக ஆடிட் முடியும் வரை கேட்டைப் பூட்டிவைக்கச் சொன்னாள். அடிமைகளை நிறுவனங்கள் பின்வாசல் வழியாக அனுப்பி ஒளித்துவிடுகின்றனவாம், அதைத் தடுக்க அந்த விதி. ஆசீர்வாதம் அதே பூட்டை அதே இடத்தில் பூட்டினார். அதன்பின் அவள் அங்கே இருந்த கணுக்கால்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதற்கே பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. சடையப்பனையும் அன்புசெல்வனையும் வெளியே போகச் சொல்லிவிட்டு மெர்சியைச் சடையப்பன் அறையில் தனியாக உட்காரவைத்தாள்.

"பயப்படாம பேசுங்க அக்கா. இங்க நீங்க சொல்றது எதுவும் இந்த ரூமை விட்டு வெளிய போகாது."

"வெளிய போவணும்னுதான் மேடம் சொல்றேன்" என்றாள் மெர்சி. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. பீரோ, முட்டி, அங்கன்வாடி, ஐந்து மணி, நீலத் தார்ப்பாய், எல்லாவற்றையும் சொன்னாள். எழுந்து போய் மணி பிளான்ட் தொட்டியை நகர்த்தி நாலாவது கறையையும் காட்டினாள்.

பூமிகாவின் கண்கள் ஈரமாயின. அவள் டேப்லெட்டில் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். தட்டினாள். திரையில் வந்ததைப் படித்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். புகார் பதிவு பண்ணினா அது விசாரணைக்குப் போகும். விசாரிக்க வேண்டியவங்க இந்த நிறுவனத்தோட சுதந்திர அலுவலர். பதினாலு வேலை நாள் டைம் இருக்கு."

"அது யாரு மேடம்?"

"நீங்கதான்."

மெர்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க புகார் குடுக்குறீங்க, நீங்க விசாரிக்கிறீங்க. அதுல பிரச்சினை இல்ல, சிஸ்டம் ஏத்துக்கும். ஆனா யார் மேல புகார்னு கேக்குது. 'ஆவணங்கள் இல்லை'ன்னு அறுபத்து மூணு தடவை கையெழுத்து போட்டவங்க மேலதான வரும்? அதுவும் நீங்கதான்." அவள் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "புகார் உண்மைன்னு நீங்க கண்டுபிடிச்சா, எங்க கொள்கை ரொம்பக் கறார். அடிமைத்தனத்தை நாங்க ஒரு துளிகூடப் பொறுத்துக்கமாட்டோம். உடனே காண்ட்ராக்ட் ரத்து. இங்க இருக்கிற எல்லாரையும் வேலையை விட்டு விடுதலை பண்ணிடுவோம்."

ஜன்னலுக்கு வெளியே முத்தம்மா அவிழ்த்த கட்டை மறுபடி காலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பல்லால் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். மெர்சி அவளையே பார்த்தாள்.

"புகாரு வேணாம் மேடம். என் மார்க் ஷீட்ட மட்டும் குடுக்க சொல்லுங்க. ரெண்டு மணிக்கு நான் பஸ் ஏறணும். உங்க கால்ல வேணாலும் வுழறேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க. புகார் இல்லாம நான் எப்படிச் சொல்ல முடியும்? அது அவங்க தொழில்ல நான் தலையிடுற மாதிரி ஆயிடும். நீங்களே யோசிச்சு சுதந்திரமா முடிவெடுங்க. ரெண்டு நிமிஷம் தர்றேன்."

பூமிகா நிஜமாகவே கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் கொடுத்தாள். பிறகு, 'புகார்தாரர் எந்த அழுத்தமும் இன்றித் தன் விருப்பப்படி வாபஸ் பெற்றார். ஆரோக்கியமான சூழல்' என்று எழுதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள். சடையப்பன் ஆந்திரா மெஸ்ஸிலிருந்து மீன் குழம்பு வரவழைத்திருந்தார்.

மெர்சி வெளியே வந்தபோது மணி ஒன்றே முக்கால். அப்போதுதான் கேட்டின் கம்பி வழியாக அதைப் பார்த்தாள். சர்வீஸ் ரோட்டில், மீஞ்சூர்ப் பக்கமிருந்து, நீலத் தார்ப்பாய் படபடக்கக் குட்டியானை வந்துகொண்டிருந்தது. தார்ப்பாயின் ஒரு மூலை விலகிப் பச்சை தெரிந்தது. அவளுடைய பச்சை.

"சித்தப்பா! கேட்ட தொற!"

ஆசீர்வாதம் எழுந்து நின்றார். "அவுட் பாஸு கீதாம்மா?"

"அவுட் பாஸாவது மயிராவது! என் சர்டிபிகேட்டு போவுது சித்தப்பா! ஒரு நிமிசம். வண்டிய நிறுத்திட்டு வந்துர்றேன். காலுல வுழறேன் சித்தப்பா!"

"ஆடிட்டு முடியிற வரிக்கும் ஒரு ஆளையும் வெளிய வுடக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிகீதும்மா. அடிமைங்கள கடத்திக்கினு பூடுவாங்களாம்." அவருடைய வீட்டு மனைப் பட்டாவும் அந்தப் பீரோவில்தான் இருந்தது. அதுவும் அந்த நிமிஷம் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "எம்மேல கோவப்படாதம்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

மெர்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பீட்டரு! டேய் பீட்டரு! நில்லுடா!" இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பீட்டர் பார்த்தான். பக்கத்தில் ஆளுயர பேனரில் ஒரு மெர்சி கைகூப்பி நின்றாள், கம்பிக்குப் பின்னால் இன்னொரு மெர்சி கையை ஆட்டினாள். அக்கா நமக்கு டாட்டா காட்டுது என்று நினைத்து அவனும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு, உத்தரவுப்படி, நிற்காமல் போனான்.

அவனைத் திருப்பிக் கூப்பிட வழி இல்லை. அவன் செல்போன் பெட்டிக்குள் இருந்தது. மெர்சி சடையப்பனிடம் ஓடினாள். அவர் மீன் முள்ளை எடுத்து இலையோரம் வைத்தார்.

"வருவாம்மா. எங்க பூடுவான்? டீசலு தீந்தா தானா நிப்பான்."

மூன்று மணிக்குப் பாராட்டு விழா. பாராட்டுப் பத்திரத்தை அன்புசெல்வன் போன வாரமே அச்சடித்து வைத்திருந்தார், நம்பிக்கைதான். எல்லாரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். சடையப்பன் மைக்கைப் பிடித்தார்.

"இவங்க யாரும் எனக்கு தொழிலாளிங்க இல்ல. என் குடும்பம். குடும்பத்துல இருந்து யாருனா ராஜினாமா பண்ணுவாங்களா? ஆறு வருசத்துல இங்கருந்து ஒரு ஆளு வெளிய போனதில்ல. ஒரே ஒரு ஆளுகூட கெடையாது. அதைவிட இன்னா சாட்சி வோணும்?"

பூமிகா முதலில் கைதட்டினாள்.

மெர்சிக்கு மேடையில் சால்வை போட்டு, பொன் எழுத்தில் 'சிறந்த சுதந்திர அலுவலர்' என்று பொறித்த பத்திரத்தைக் கொடுத்தார்கள். நிர்வாகத் தொடர்ச்சி கருதி சுதந்திர அலுவலர் மூன்று வருஷத்துக்குப் பதவி விலக முடியாது என்ற விதியை அன்புசெல்வன் மைக்கில் படித்தார். அதற்கும் கைதட்டினார்கள். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். மெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "கொஞ்சம் சுதந்திரமா இருங்கக்கா" என்றார் அவர். பின்னால் சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது.

பீட்டர் ஐந்தேகாலுக்கு வந்தான். டீசல் தீர்ந்து, கடைசி ஒரு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான். நிற்கவே இல்லை என்று பெருமையாகச் சொன்னான். பூமிகா கிளம்பிப் போயிருந்தாள். கேட் இப்போது திறந்தே கிடந்தது. நாலு பெண்களும் பீரோவைத் தூக்கிவந்து துருக்கறைகளின் மேல் பொருத்தி வைத்தார்கள்.

சடையப்பன் சொன்ன சொல் தவறாதவர். ஆடிட் முடிந்ததும் பீரோவைத் திறந்தார். இரண்டாவது தட்டில், மேலாக, மெர்சி ஆறு வருஷத்துக்கு முன் பொன்னேரியில் வாங்கிய பூப்போட்ட பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே அவளுடைய மார்க் ஷீட். தமிழில் நூற்று அறுபத்தெட்டு. அவள் கையை நீட்டினால் எட்டும்.

"எடுத்துக்கம்மா" என்றார் சடையப்பன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா மணி அஞ்சரை ஆயிடுச்சே. இனிமே இது உனக்கு எதுக்கு?"

அவள் கை பாதியில் நின்றது. இரவு கொண்டுபோய் வைக்க வீட்டில் ஒழுகாத இடம் எது என்றுதான் மனசு தேடியது. தேடியதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இங்கயே கெடக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்றார் அவர். அப்புறம் அவள் கையில் சுருட்டிவைத்திருந்ததைப் பார்த்தார். "அத்தயும் குடு. அதும் ஒரிஜினல்தான?"

பொன் எழுத்துப் பத்திரத்தை அவளிடமிருந்து வாங்கி, சுருக்கம் நீவி, பூப்போட்ட உறையின் மேல் வைத்தார். கதவைச் சாத்தினார். வளைந்த கதவு வழக்கம்போல் விரலளவு விலகி நின்றது. சடையப்பன் சாவியோடு காத்திருந்தார்.

"முட்டி குடும்மா."

மெர்சி சால்வையை ஒதுக்கிக்கொண்டு வலது முட்டியைக் கொடுத்தாள். பூட்டு விழுந்தது.